நான்கு மாத்திரை

டிசம்பர்தான் எங்களுக்குச் சோறு போடுகிற மாதம்.
பதினொரு கச்சேரி, ஒரே நிரல்,
மேடை விளிம்பில் அதே சிவப்பு ரிப்பன்.
அக்டோபரில் காலி நாற்காலிகளுக்கு வாசித்த கடனை
இந்த ஒரு மாதம் அடைத்துவிடும் என்பாள்
கணக்குப் பார்க்கிற லொரெட்டா.
சொல்லிவிட்டு ஆளுக்கொரு இருமல் மிட்டாய் தருவாள்.

நான் இரண்டாவது ஹார்ன்.
முதல் ஹார்ன் ஓரெஸ்ட் மேலே ஏறுவான்,
நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
ஏணி பிடிப்பவளை யாரும் படம் எடுப்பதில்லை.
அதுவும் நல்லதுதான்,
பித்தளைச் சுருளைக் கவிழ்த்து
எச்சில் நீரைக் கொட்டுகிற நேரத்தில்.

ஒன்பதாவது கச்சேரி, ஞாயிறு மதியம்.
முந்தின இரவு சுப்பீரியர் ஏரி
தன்னிடம் இருந்ததையெல்லாம்
தண்டர் பே மீது கொட்டியிருந்தது.
என் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது.
பின்னிருக்கையில் ஹார்ன் பெட்டிக்கு சீட் பெல்ட் மாட்டி
ரெட் ரிவர் சாலைக்கு வந்தால்
முன்னால் ஒரு பனி வாரும் லாரி,
நடை வேகத்தில்.
அதன் ஆரஞ்சு விளக்கு சுழன்று சுழன்று
என் முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது.
முந்த வழியில்லை.
ஃபின்னிஷில் திட்டினேன்.
வீட்டில் மிஞ்சியிருக்கிற ஃபின்னிஷ்
அதற்கு மட்டும்தான் போதும்.

எனக்கு ஜலதோஷம் வேறு.
லொரெட்டா ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்து
"முழுசாப் போட்டா மேடையிலேயே தூங்கிடுவே" என்றாள்.

அரங்கு நிறைந்திருந்தது,
ஈரக் கம்பளி வாடையோடு.
தலையில் துணிக்கொம்பு மாட்டிய ஒரு பையன்
என் கொம்பைப் பார்த்துக் கையசைத்தான்.
இனம் இனத்தோடு.

அந்த மெதுவான பகுதியின் முடிவில்
நான்கு மாத்திரை மௌனம் எழுதியிருக்கிறது.
டெல்ஃபின் கையை உயர்த்தி நிறுத்துவாள்,
வயலின்கள் வில்லைத் தூக்கிக் காத்திருக்கும்,
பிறகு நான், தனியாக, தாழ்ந்த ஒரு ஸ்வரம்.
இரவு முழுக்க என்னுடையது அது ஒன்றுதான்.

கை உயர்ந்தது.
ஒன்று.
மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது குறட்டை.

அடித்தொண்டைக் குறட்டை.
கிட்டத்தட்ட என் சுருதி.
ஆரஞ்சு ஜாக்கெட், அதில் வெள்ளிப் பட்டை,
மார்பில் சாய்ந்த தாடை.
பூட்ஸைச் சுற்றி உருகிய பனி
ஒரு சின்னக் குளமாகியிருந்தது.
பக்கத்து இருக்கையில் பத்து வயது மகள்
காது மடல்வரை சிவந்து
முழங்கையை ஓங்கிவிட்டாள்.

டெல்ஃபின் திரும்பவில்லை.
தோளை மட்டும் கொஞ்சம் சாய்த்து
இடது கையின் சுண்டு விரலை அசைத்தாள்:
வேண்டாம்.

முழங்கை இறங்கியது.
நான்கு, ஐந்தாயிற்று. ஏழாயிற்று.
தமிழ்ச் செய்யுளில் இதற்கு அளபெடை என்று பெயர் உண்டாம்,
ஓசை குறைந்த இடத்தில் எழுத்து நீண்டு கொடுக்குமாம்.
எங்கள் வயோலா வாசிப்பவர், கனகசபாபதி,
பிறகு ஒருநாள் காபி குடிக்கும்போது சொன்னார்.
அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது.
உதட்டில் வாய்க்குழாய் சூடேறிக்கொண்டிருந்தது.
அறுநூறு பேர் உட்கார்ந்து
ஒரு மனிதன் தூங்குவதைக் கேட்டோம்.
துணிக்கொம்புப் பையன் மட்டும் களுக்கென்று சிரித்தான்,
பிறகு அவனும் கேட்டான்.

மூச்சு உள்ளே போய்
வெளியே வருவதற்குள் கை இறங்கியது.
நுழைந்தேன்.
பிசிறு தட்டியது என் ஸ்வரம்,
தொண்டையில் சளி உள்ளவன் மெல்ல அழைப்பது போல.
அவன் எழவில்லை.

இடைவேளைக்குப் பின் அந்த இரண்டு இருக்கையும் காலி.
வெளியே மறுபடி பனி பிடித்திருந்தது.
காலையில் என் முன்னால் போன லாரி
அவனுடையதுதானா, யார் கண்டது.
ஊரில் எத்தனையோ லாரி.
வீடு திரும்புகையில் சாலை கறுப்பாகத் தெரிந்தது,
பின்னிருக்கைப் பெட்டி ஒருமுறைகூடக் குலுங்கவில்லை.

செவ்வாய், பத்தாவது கச்சேரி.
மூன்றாவது வரிசையில் யாரோ
மிட்டாய்க் காகிதம் பிரிக்கிற சத்தம்.
டெல்ஃபின் சரியாக நான்கு எண்ணிக் கையை இறக்கினாள்.
நான் மட்டும் நுழையவில்லை,
இன்னும் ஒரு மூச்சுக்குக் காத்திருந்தேன்.

என்ன ஆச்சு என்று ஓரெஸ்ட் கேட்டான்.
மாத்திரையால் வந்த வினை என்றேன்.